ஒரே காலையில் போன எழுத்தும் முகமும்

எனக்கு எழுத வரும். எழுதியதைப் படிக்க வராது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கங்களை நானேதான் பேனாவால் எழுதுகிறேன். வரி கோணாமல் இருக்க அட்டையில் ரப்பர் பேண்டு மாட்டி வைத்திருக்கிறேன். கை தானாக ஓடுகிறது. ஆனால் முடித்த வரியைத் திரும்பிப் பார்த்தால், நான் கேள்விப்படாத ஏதோ நாட்டு எழுத்தில் யாரோ கிறுக்கி வைத்தது போல இருக்கிறது.

“கண்ணாடிய மாத்திப் பாக்கலாமே?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கண்ணில் கோளாறு இல்லை. அதை வாயால் விளக்கி அலுத்துவிட்டது. வேறு யாருக்காவது இப்படி வந்தால் அவர்களாவது என்னைப் போல் நேரத்தைத் தொலைக்காமல் இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் பிரமிளா. வயது நாற்பத்திநான்கு. சித்தூரில் பிறந்து தமிழ் மீடியத்தில் படித்தேன். தெலுங்கை பஸ் போர்டுகளிலும் கடைப் பலகைகளிலும் கற்றுக்கொண்டேன். பார்மசி டிப்ளமோவை ஆங்கிலத்தில் முடித்தேன். கணவர் முனிரத்தினம், நகரியில் தறி ஓட்டும் குடும்பம். அவர் மட்டும் தறியை விட்டு ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் லேத் மிஷினில் வேலை செய்கிறார். ஒரே மகள் லிகிதா, இன்டர் இரண்டாம் வருடம், தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ. நான் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்த்தேன். எந்த டாக்டரின் கையெழுத்தானாலும் படித்துவிடுவேன். புரியாத சீட்டுகளை அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள்கூட எனக்குத்தான் அனுப்புவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று காலை கடை திறக்கும்போதே பின்மண்டையில் பாரமாக இருந்தது. வெயிலில் பஸ்ஸுக்கு நின்றதால் என்று நினைத்தேன். ஒன்பதரை மணிக்கு ஒரு அம்மாள் சீட்டை நீட்டினாள். கோடுகள் இருந்தன, சுழிகள் இருந்தன, ஒன்றுகூட எழுத்தாக இல்லை. இது யார் இவ்வளவு மோசமாக எழுதியது என்று சீட்டின் மேலே அச்சடித்திருந்த டாக்டர் பெயரைப் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது. திரும்பி அலமாரியைப் பார்த்தேன். நான் அடுக்கிய பெட்டிகள்தான். ஒவ்வொன்றின் மேலும் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஏதோ இருந்தது.

எந்த மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். அது தானாகப் போய் ஒரு பெட்டியைத் தொட்டது. தொட்ட பிறகுதான் பயம் வந்தது. நேற்று சாயங்காலம் யாராவது இடம் மாற்றி வைத்திருந்தால்? பெட்டியை விட்டுவிட்டேன்.

“ஸ்டாக் இல்லம்மா,” என்றேன்.

அடுத்து வந்தவருக்கும் ஸ்டாக் இல்லை. அதற்கு அடுத்தவருக்கும் இல்லை. இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். ஒரு பெரியவர், “காய்ச்ச மாத்திர கூடவா இல்ல?” என்று கேட்டுவிட்டுக் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “இல்ல” என்றேன்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு டாக்டர் கேட்டார். என்னவென்று சொல்வது? கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, பேச்சு நன்றாக வருகிறது. திடீரென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு ஒரு ஆள் கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தார். “சார், உள்ள வரக் கூடாது. வெளிய நில்லுங்க,” என்றேன்.

அவர் சிரித்தார். “ஏம்மா பிரமிளா, என் கடைக்கே என்னை வராதேன்றியா?”

குரல் என் முதலாளியுடையது. பதினோரு வருடமாகத் தினமும் பார்க்கிற மனிதர். குரல் வந்த வாயைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. சேர்த்துப் பார்த்தால் வழியில் போகிற யாரோ ஒருவர். போனில் கணவரின் பெயரைத் தேடினேன், அதுவும் எறும்புத் தடம். முதலாளியே அவருக்குப் போன் போட்டார்.

கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஒருவர் ஓடி வந்தார். “இன்னா ஆச்சு பிரமி?” என்றதும்தான் அவரென்று தெரிந்தது. ஆனால் முகம் தெரியாததை நான் சொல்லவில்லை.

“எழுத்தே தெரில, தலயும் வலிக்குது. எனக்கு சுகர் கீதில்ல, அது கண்ணுக்கு வந்துட்டு கீது. கண்ணு டாக்டர்கிட்ட போலாம்.”

“தலவலின்னு வேற சொல்றியே. மொதல்ல பெரியாஸ்பத்திரிக்கே போய்டலாமே?”

“மருந்துக் கடையில கீறது நானா, நீங்களா?” என்றேன்.

அவர் வெளியே போய் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டார். நாங்கள் திருப்பதியில் கண் டாக்டரிடம் போய், டோக்கன் வாங்கி, சொட்டு மருந்து விட்டுக் கண் விரிவதற்காகக் காத்திருந்தோம். எங்கள் முறை வர இரண்டரை மணி ஆனது. கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். ஒரு எழுத்தையும் சொல்ல முடியவில்லை. பிறகு அவர் தன் சட்டையைக் காட்டி, “எத்தனை பொத்தான்?” என்றார். சரியாக எண்ணிச் சொன்னேன். மேஜையில் கிடந்த குண்டூசியைக்கூட எடுத்துக் கொடுத்தேன். அவர் விரலை ஆட்டிக்கொண்டே ஓரங்களுக்குக் கொண்டுபோனபோது வலது பக்கம் மட்டும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“கண் நன்றாகத்தான் இருக்கிறது. மூளைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். உடனே போங்கள்,” என்று தெலுங்கில் சொன்னார்.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷினுக்குள் போனபோது சாயங்காலம் ஐந்து மணி. மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்களிலும் ரத்தக்கட்டி போய் அடைத்திருந்தது. பக்கவாதம் என்று நாம் சொல்வதும் இதே வியாதிதான். கை கால்களை அசைக்கிற இடத்தில் அடைத்தால் கை கால் விழும். எனக்குப் பார்வையைப் புரிந்துகொள்கிற இடத்தில் அடைத்துவிட்டது. முதல் நான்கைந்து மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கட்டியைக் கரைக்க ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. அவர் யாரையும் குறை சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கடையில் நான் அவரை மடக்கிய அந்தப் பேச்சை அவர் அன்றும் எடுக்கவில்லை, இன்றுவரை எடுத்ததில்லை.

கட்டி வந்தது இதயத்திலிருந்து. இதயம் சீராகத் துடிக்காமல் தாறுமாறாகப் படபடத்தால், உள்ளே ரத்தம் தேங்கி உறையுமாம். அந்தத் துணுக்கு ஒருநாள் கிளம்பி மேலே ஏறிவிடும். எனக்கு ஆறேழு மாதமாகவே மாடிப்படி ஏறினால் படபடப்பு இருந்தது. மாதவிலக்கு நிற்கிற வயது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். அதே படபடப்புக்கான மாத்திரைகளைத்தான் தினமும் கவுன்டரில் மற்றவர்களுக்கு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து, பெயரும் ஊரும் குடும்பத்தைப் பற்றி இரண்டு வரியும் எழுதச் சொன்னார். எழுதினேன். தாளை வாங்கி வைத்துக்கொண்டு ரத்த அழுத்தம் பார்த்தார், கால் விரலைத் தட்டிப் பார்த்தார். பிறகு அதே தாளை என் முன்னால் பிடித்து, “இதைப் படியுங்கள்,” என்றார்.

“யார் எழுதினது மேடம் இது?” என்று கேட்டேன்.

கட்டில் பக்கத்தில் நின்ற லிகிதா சிரித்தாள். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

பதினோரு நாள் வார்டில் இருந்தேன். படிக்க முடியாதது ஒரு கஷ்டம் என்றால், முகம் தெரியாதது வேறு மாதிரி. நர்சுகள் எல்லாரும் ஒரே உடுப்பு. காலையில் ஊசி போட்டவளா, மாத்திரை கொடுத்தவளா என்று தெரியாமல் ஒருத்தியிடம் சொன்னதையே நான்கு பேரிடம் சொல்வேன். மூன்றாம் நாள் பாத்ரூமுக்குப் போனபோது எதிரே ஒரு பெண் வந்தாள். வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவளும் ஒதுங்கினாள். “போங்கம்மா,” என்றேன். வாயசைவைப் பார்த்த பிறகுதான் அது கண்ணாடி என்று புரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

சிரித்தால் பல் தெரியும், அதை வைத்துச் சிரிப்பென்று சொல்லிவிடுவேன். அழுதால் கண்ணீர் தெரியும். நடுவில் இருக்கிற எதுவும், சலிப்பு, சந்தேகம், பரிதாபம், எதுவும் எனக்குப் பிடிபடுவதில்லை.

வார்டில் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு வழி சொன்னார். முகத்தைப் பார்க்காதீர்கள், ஆளுக்கொரு அடையாளம் பிடித்து வையுங்கள் என்றார். லிகிதாவுக்கு இரட்டைப் பின்னல், ஊதா ரப்பர் பேண்டு. என் கணவருக்குப் பிரச்சினையே இல்லை. சுருட்டை முடி, முன் நெற்றியில் கைப்பிடி அளவு நரை, தடித்த மீசை. வார்டு வாசலில் அந்த நரை தெரிந்தால் போதும், நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இரண்டு மூன்று நாள் அப்படி ஓடியது. ஏதோ ஒன்று கைக்குத் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் பிற்பகல் இதயத்தை ஸ்கேன் செய்வதற்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லிகிதா சீட்டு போடப் போயிருந்தாள். ஒரு மொட்டைத் தலை ஆள் வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான். தலையெல்லாம் சந்தனம், மீசை கிடையாது. திருப்பதியில் மொட்டைத் தலை அதிசயமில்லை, அந்த வராந்தாவிலேயே ஏழெட்டு இருந்திருக்கும். ஆனால் இவன் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்து இழுத்தான்.

நான் கத்திவிட்டேன். கையை உதறியதில் அவன் கொடுக்க வந்தது கீழே விழுந்து உடைந்தது. செக்யூரிட்டி ஓடி வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

“பிரமி, நாந்தான். நாந்தான் பிரமி.”

செக்யூரிட்டி என்னைப் பார்த்தார். “தெரிஞ்சவரா அம்மா?”

“என் வீட்டுக்காரரு,” என்றேன்.

காலையிலேயே பஸ் ஏறி மலைக்குப் போயிருக்கிறார். எனக்காக நேர்ந்துகொண்டதாம். சொல்லாமல் லட்டை என் கையில் வைத்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறார். அடையாளம் என்று ஒன்று வைத்திருந்தோமே, அது அவருக்கு ஞாபகமே வரவில்லை.

“தோணவே இல்ல பிரமி. முடிய எறக்குனா நீ சரியாய்டுவேன்னு மட்டுந்தான் நெனச்சிக்கினு போனேன்.”

தரையில் மண்டியிட்டு லட்டுத் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் சேர்த்தார். பிரசாதம், கால் படக் கூடாது. நான் குனிந்து உதவவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதர் என்று காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்கு அவர் யாரோ ஒரு யாத்திரிகர். அழுகைகூட வரவில்லை.

அன்றிலிருந்து அவர் எங்கே நுழைந்தாலும் வாசலிலேயே நின்று, “முனிரத்தினம் வந்துக்கினு கீறேன்,” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வீட்டுக்கு வந்த பிறகும் அதே பழக்கம்தான். அக்கம்பக்கத்தில் முதலில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. முடி வளர்ந்துவிட்டது, இன்னும் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் போனேன். முதலாளி என் ஸ்டூலை அப்படியே வைத்திருந்தார். “சும்மா வந்து உட்காரும்மா, போதும்,” என்றார். அவருக்கு நல்ல மனசு. உட்கார்ந்தேன். ஒரு பையன் சீட்டை என்னிடம்தான் நீட்டினான், பழக்கதோஷம். நான் வாங்கி, பார்ப்பது போலப் பார்த்து, உள்ளே இருந்த புதுப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் சத்தம் போட்டுப் படித்து மருந்து எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை.

மாதுரி வந்தது அதற்குப் பிறகுதான். படிக்க முடியாமல் போனவர்களையும் முகம் தெரியாமல் போனவர்களையும் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். டாக்டரம்மா அனுப்பினார். முதல் நாளே ஒப்புதல் படிவத்தைத் தெலுங்கில் எனக்கு வாசித்துக் காட்டினாள். ‘இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடியான பலன் எதுவும் கிடைக்காது’ என்ற வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தாள். புரிந்ததா என்று கேட்டாள். புரிந்தது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மனசு மட்டும் அந்த வரியை ஏற்கவில்லை. இவ்வளவு சோதனை செய்கிறவர்கள் கடைசியில் ஒரு மாத்திரையாவது வைத்திருக்க மாட்டார்களா என்றே நினைத்தேன்.

வாரம் ஒருமுறை திருப்பதிக்குப் போவோம். லேப்டாப்பில் காய்கறி, சாவி, நாற்காலி எல்லாம் காட்டுவாள், டக்கென்று சொல்வேன். எழுத்து வந்தால் நின்றுவிடுவேன். ஒருநாள் அவள் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத்தின் மேலேயே ஓட்டினாள். ‘ம’ என்றேன். கண்ணுக்குத் தெரியாத எழுத்து விரலுக்குத் தெரிந்தது. எழுதுகிற இடம் வேறு, அது உங்களுக்கு அப்படியே இருக்கிறது, அதன் வழியாகச் சுற்றிப் போகலாம் என்றாள். இப்போது அப்படித்தான், விரலால் தடவித் தடவி, ஒரு மணி நேரத்தில் நான்கைந்து வரி படிக்கிறேன். வரி முடிவதற்குள் அதன் ஆரம்பம் மறந்துவிடும்.

எழுத்தும் முகமும் ஏன் சேர்ந்து போயின என்று ஒருமுறை கேட்டேன். அவள் தெலுங்கில் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மனிதனுக்குப் படிப்பு புதுசு. மூளையில் அதற்கென்று பிறவியிலேயே இடம் இல்லை. குழந்தை எழுத்துக் கற்கும்போது, முகம் போன்றவற்றைப் பார்த்தறிகிற பகுதிக்குப் பக்கத்திலேயே அதற்கும் கொஞ்சம் இடம் ஒதுங்குகிறது. பெரும்பாலும் இடது பக்கம் எழுத்து, வலது பக்கம் முகம். எனக்கு இரண்டு பக்கமும் அடி. எவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று தொடர்பு என்பதைத்தான் இன்னும் ஆராய்கிறார்கள்.

“முகம் திரும்ப வருமா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரியாது ஆன்ட்டி,” என்றாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

கடைசிச் சோதனை போன மாதம் நடந்தது. என் விரல்களில் இரண்டு சின்ன ஒயர்களை ஒட்டினாள். மனசுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்கு உடம்புக்குத் தெரியுமாம். பழகிய முகத்தைக் காட்டினால், யாரென்று வாயால் சொல்ல முடியாதவர்களுக்கும் உள்ளங்கை இம்மியளவு வியர்க்கும். மிஷின் அதைப் பிடித்துத் திரையில் கோடாகக் காட்டிவிடும். எங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து படங்களை வாங்கி, முடியும் காதும் தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி, ஊர் பேர் தெரியாதவர்களின் முகங்களோடு கலந்து வைத்திருந்தாள்.

இதைக் கேட்டதிலிருந்து லிகிதாவுக்குத் தூக்கமில்லை. “மா, ஒனக்குத் தெரிலன்னாலும் ஒன் கைக்கு என்னத் தெரியும் பாரேன்,” என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். காலேஜில் எல்லாரும் முடியை விதவிதமாகப் போட்டுக்கொண்டு போகும்போது, பதினேழு வயசுப் பெண் எனக்காக அதே இரட்டைப் பின்னலோடு, அதே ஊதா ரப்பர் பேண்டோடு அலைகிறாள். அவளுக்கு ஒன்றே ஒன்று இதிலிருந்து கிடைக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கண், மூக்கு, வாய். கண், மூக்கு, வாய். எதில் என் மகள் இருக்கிறாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் மகளாக நினைத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. தனி ஆளின் முடிவைச் சொல்வது வழக்கமில்லை என்று மாதுரி சொன்னாள். லிகிதா விடவில்லை. “அக்கா, ப்ளீஸ் அக்கா,” என்று அவள் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனாள். கணவரும் போனார். நான் விரலில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது வாசலில் கணவரின் நரை தெரிந்தது, அவர் பெயர் சொல்லவில்லை. அப்படியே டீ வாங்கப் போய்விட்டார். இரட்டைப் பின்னல் என் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

“மா! தெரிஞ்சிதாம்மா! என் போட்டோ வர்றப்ப மட்டும் கோடு மேல ஏறிச்சாம்!”

இந்த ஐந்து மாதத்தில் எனக்குக் காது ஒன்றுதான் துணை. யார், எங்கே, எந்த மனநிலையில் என்று எல்லாவற்றையும் குரலில்தான் தேடுகிறேன். லிகிதாவின் குரல் ஒரு படி மேலே நின்றது. ‘மட்டும்’ என்ற சொல்லுக்கு முன்னால் எச்சில் விழுங்கினாள். பொய்.

“அப்டியா?” என்றேன். “எனக்கு அப்பவே கையி குறுகுறுன்னுச்சுடி. இன்னாடா இதுன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

அவள் என் வலது கையை எடுத்து இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட்டாளா, இல்லை நானும் பொய்தான் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாளா? தெரிந்துகொள்ள அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். பல் தெரியவில்லை. கண்ணீரும் இல்லை. உதடுகள் மூடியிருந்தன, கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் ஏதாவது பேசுவாள் என்று காத்திருந்தேன்.